தரைக்குக் கீழே தீ: ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறும் அதன் தமிழ்ச் சொற்களும்



தங்காக்கில் வாழ்வோர்முன் தரையைச் சூடாக்கும் கலையைப் பற்றி உரையாற்றுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். லேடாங் மலை 1,276 மீட்டர் உயர்ந்து நின்றாலும், அதன் அடிவாரத்திலுள்ள நம் ஊரில் நண்பகல் வெயிலில் சிமெண்டு முற்றத்தை வெறுங்காலால் கடக்க யாரும் விரும்புவதில்லை. நமக்கு வேண்டியது குளிர்ந்த தரையே. ஆயினும் இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது.

ஓஸ்லோவிலும் டொரொண்டோவிலும் பெர்லினிலும் தமிழர்கள் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. அவர்களுட் பலர் அடுக்ககங்களில் வாழ்கின்றனர். சிலர் கட்டடத் தொழிலில் இருக்கின்றனர். அங்கே தரையின்கீழ் வெப்பத்தைத் தடுக்கும் பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் வெந்நீர்க் குழாய்களைப் பதித்து, மேலே கலவையிட்டு மூடுவது நாள்தோறும் நடக்கும் வேலை. அவ்வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வி எழும்போது ‘தரையடி வெப்பமூட்டல்’, ‘தரைக்கீழ்ச் சூடாக்கம்’ என்ற வகையில் விடை தரப்படுகிறது. இவை பிழையான ஆக்கங்கள் அல்ல. ஆனால் ஆங்கிலச் சொற்றொடரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தமிழ் உறுப்பை ஒட்டவைத்துப் பெற்றவை. தரைக்குக் கீழே தீயை நடத்தும் தொழிலோடு தமிழருக்கு முன்பின் உறவே இல்லை என்ற எண்ணம் இவ்வாக்கங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவ்வெண்ணம் சரியன்று என்பதை இவ்வுரையில் காட்ட முயல்கிறேன். அதற்கான சான்று நம் ஊரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலேயே கிடக்கிறது.

முதலில் பழந்தமிழ். வெப்பநாட்டு மொழியாகிய தமிழுக்குக் குளிரைப் பற்றிய சொற்கள் குறைவு என்பர். தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளைப் பாருங்கள். கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய மூன்றும் குளிரின் பெயரால் அமைந்தவை. இங்கே பனி என்பது ஐரோப்பியர் காணும் வெண்பனி அன்று. விடியலில் இலைமேல் நிற்கும் துளியும் எலும்பில் இறங்கும் ஈரக் குளிருமே. அக்குளிரை ஒரு மாளிகைக்குள் வைத்துக் காட்டும் நூல் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. அதில் வரும் வீட்டு நடப்புகளை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பர். விசிறி பயனின்றித் தொங்குகிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது. பலகணிகள் அடைக்கப்படுகின்றன. குளிர்ந்த நீரைக் குடிப்பார் இல்லை. அகன்ற வாயுடைய ‘தடவு’ என்னும் கலத்தில் நெருப்பிட்டு வைக்கின்றனர். தடவு என்பது நெருப்பை ஏந்தும் சட்டி. பின்னாளில் அதே பொருளை ‘இந்தளம்’ என்றும், ‘கணப்புச்சட்டி’ என்றும் வழங்கினோம்.

கணப்பு என்ற சொல்லைச் சற்றே நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காய மூட்டும் தீ என்பது அதன் பொருள். காய்ச்சல் கண்ட குழந்தையின் உடல் ‘கணகண’ என்றிருப்பதாகத் தாய்மார் கூறுவர். அந்தச் சூட்டின் உணர்வு இச்சொல்லில் ஒலிக்கிறது. சிலர் இதனைக் ‘கனல்’ என்பதோடு சேர்த்துக் ‘கனப்பு’ என எழுதுகின்றனர். ணகரமும் னகரமும் நம் பேச்சில் ஒன்றாகிவிட்டதன் விளைவு அது. எழுத்தில் இரண்டையும் பிரித்தே காக்க வேண்டும்.

இன்னொரு சொல் குளிர்காய்தல். வெயில் காய்தல், தீக்காய்தல், குளிர்காய்தல் என மூன்று வழக்குகள் உண்டு. வெயிலிலும் தீயிலும் காய்கிறோம் என்பது எளிதில் விளங்கும். குளிரில் காய்வது எங்ஙனம்? இங்கே காய்தல், உடலில் ஏறிய குளிரை உலரவைத்துப் போக்குவதைக் குறிக்கிறது. ஈரத்தையும் குளிரையும் ஒன்றாகவே கண்ட மக்களின் சொல் இது. மன்னரை அடுத்து வாழ்வோர்க்குத் தீக்காய்வாரை உவமை கூறிய வள்ளுவர், மிகவும் விலகாமலும் மிகவும் நெருங்காமலும் இருக்கவேண்டும் என்றார். அரசியல் அறிவுரையாகவே நாம் அதனைப் படிக்கிறோம். அதனுள் ஒரு வெப்பவியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. கண்ணெதிரே எரியும் தீ முகத்தைச் சுடும், முதுகைக் குளிரில் விடும். எவ்வளவு தூரத்தில் அமர்வது என்ற சிக்கல் தீக்காய்வாரை விட்டு நீங்குவதே இல்லை. தீயை எதிரிலிருந்து எடுத்துக் காலடிக்குக் கொண்டுசென்றால் அச்சிக்கல் தீரும். அவ்வாறு கொண்டுசென்றவர்களின் வரலாற்றுக்கு இனி வருகிறேன்.

உரோமானியர் குளியற்கூடங்களின் தரையைச் செங்கல் தூண்களின்மேல் எழுப்பினர். விட்ருவியசு தம் கட்டடக்கலை நூலில் தரும் அளவு இது: எட்டு அங்குலச் செங்கற்களை அடுக்கி இரண்டு அடி உயரத் தூண்கள், அவற்றின்மேல் இரண்டு அடி ஓடுகள். சுவருக்கு வெளியே உலை எரியும். அனலும் புகையும் தூண்களுக்கிடையே ஓடிச் சுவரினுள் அமைந்த குழல்களின் வழியே வெளியேறும். கீழ்த்தளம் உலையை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும் என்றும், அதில் எறிந்த பந்து தங்காமல் உலைவாய்க்கே உருண்டு திரும்பவேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஐப்பொகாசுட்டம்’. கிரேக்க மூலத்தில் ‘கீழே எரிவது’ என்பதே அதன் பொருள். எளிய சொற்களைக் கொண்டே அப்பெயர் அமைந்தது என்பதைக் கருதுக.

கொரியரின் ‘ஒண்டோல்’ இதனினும் நெருக்கமாக வாழ்வோடு பிணைந்தது. உரோமானியர் பெரும்பாலும் குளியலுக்கும் செல்வர் மனைக்கும் பயன்படுத்தியதைக் கொரியர் குடியானவன் வீட்டுக்கும் கொண்டுவந்தனர். அடுக்களையில் சோறு வேகும் அதே தீயின் புகை, பக்கத்து அறையின் கற்பலகைகளுக்கு அடியே அமைந்த வாய்க்கால்களில் ஓடி மறுபுறத்துப் புகைபோக்கியில் ஏறும். ஒரே விறகு சோற்றையும் ஆக்கும், தரையையும் காய்ச்சும். கற்களின்மேல் களிமண் பூசி, எண்ணெய் ஊட்டிய தாள் ஒட்டுவர். அடுப்புக்கு அருகிலுள்ள தரைப்பகுதிக்கு ‘அரேன்மொக்’ என்று பெயர். அது மிகவும் சூடாக இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தினர்க்கும் அவ்விடத்தைத் தருவது மரபு. நம் வீடுகளில் திண்ணையின் உயர்ந்த பகுதி யாருக்கு என்ற கேள்வி இருந்ததைப்போல, அங்கே தரையின் சூடே மரியாதையின் அளவுகோலாக இருந்தது. 2018இல் தென்கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டை நாட்டின் தொட்டறியா மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒண்டோலுக்குக் கொரிய மொழியில் ‘குடுல்’ என்ற தூய நாட்டுப் பெயரும் உண்டு. சுட்ட கல் என்பதிலிருந்து அது வந்ததாக விளக்குவர். இதனைக் கேட்டவுடன் ‘குடில்’ என்று துள்ளி எழுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அம்மா, அப்பா என்ற சொற்களின் ஒற்றுமையை வைத்தும், அயுத்தா நாட்டிலிருந்து கடல் கடந்து சென்றதாக மூன்று அரசுகளின் மரபுக்கதைகளைத் தொகுத்த ‘சம்குக் யூசா’ கூறும் அரசியின் கதையை வைத்தும், கொரியமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள் என்று கட்டுரை எழுதுவோரும் உளர். அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலாது. மொழிக்குடும்ப உறவு தனித்தனிச் சொற்களின் ஓசை ஒப்புமையால் நிலைநாட்டப்படுவதன்று. ஒழுங்கான ஒலிமாற்றங்களால் நிலைநாட்டப்படுவது. குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகளிலிருந்து பிறந்த தாய்தந்தைப் பெயர்கள் உலகெங்கும் ஒத்திருக்கும். நமக்கு உண்மையான உறவு ஒன்று கையருகே இருக்க, இல்லாத உறவைக் கடலுக்கு அப்பால் தேடவேண்டியதில்லை.

கையருகே என்று சொன்னது இரண்டு வழக்கங்களை எண்ணி. முதலாவது மலாய்க்காரர்களுடையது. பிள்ளை பெற்ற தாயைப் பேறுகாலம் முடியும்வரை, கீழே தணல் இட்ட உயர்ந்த மரப்பலகைமேல் கிடத்தி உடலுக்குச் சூடேற்றும் வழக்கம் இந்நாட்டில் முற்காலத்தில் பரவலாக இருந்தது. இதனைப் ‘பெர்சாலை’ என்றும் ‘பெர்டியாங்’ என்றும் கூறுவர். இரண்டாவது சொல்லுக்குத் தீக்காய்தல் என்பதே பொதுப்பொருள். முதற்சொல்லின் வேராகிய ‘சாலை’ இன்னும் சுவையானது. மீனைப் புகையிலிட்டு உலர்த்துவதற்கும் அதே சொல். மனித உடலைக் கீழிருந்து காய்ச்சுவதையும் பொருளைப் புகையில் உலர்த்துவதையும் ஒரே வினையால் குறித்தது அம்மொழி. இன்று தணல் மறைந்து, சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி ஒற்றும் முறையே எஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, ரப்பர்த் தோட்டத்தின் புகைக்கூடம். இதுவே என் உரையின் நடுப்பொருள்.

மலாயாவில் ரப்பர் ஒரு தோட்டப்பயிராகத் தொடங்கிய இடம் நமக்கு அயலூர்தான். 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். 1898இல் லேடாங் மலையின் மேற்கு அடிவாரத்துப் புக்கிட் அசகானில் அதனைப் பெரிய அளவில் விரித்தார். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மூவார் ஆற்றின் இருபுறமும் காடு திருத்தப்பட்டுப் பால்மரம் ஏறியது. அம்மரத்தை வெட்டவும், பாலை எடுக்கவும், ஆலையில் அதனைப் பக்குவப்படுத்தவும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து நம் முன்னோர் கங்காணிகள் வழியாக வந்து சேர்ந்தனர். பால்வெட்டைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சிறுகதையில், நாட்டுப்பாடலில், நினைவுக்குறிப்பில் எங்கும் வெட்டுமரமும் நிறையும் மங்கும் வருகின்றன. வெட்டிய பால் ஆலைக்குச் சென்ற பிறகு என்ன ஆயிற்று என்பதை எழுதியோர் மிகச் சிலரே.

அங்கே நடந்தது இது. பாலில் நீர் கலந்து, அமிலம் சேர்த்து உறையவைப்பர். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய தகடாக்குவர். இறுதி உருளை அதன்மேல் வரிவரியாகத் தடம் பதிக்கும். வரி அழகுக்கன்று. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும், ஈரம் விரைந்து வெளியேற மேற்பரப்பு மிகுந்திருக்கவும் அது உதவியது. பின்னர் நீர் வடியவைத்து, கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்துக்குள் ஏற்றுவர். அங்கே நான்கு அல்லது ஐந்து நாள்கள் அவை புகையிலும் சூட்டிலும் இருக்கும். புகையிலுள்ள பொருள்கள் தகட்டில் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுக்கும். சூடு ஈரத்தைப் போக்கும். உலர்ந்த தகடு தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி தெளிந்திருக்கும். உள்ளே ஈரம் எஞ்சிய இடம் வெண்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

தொடக்கக் காலப் புகைக்கூடங்கள் பலவும் இரண்டு தளம் கொண்டவை. கீழ்த்தளத்தில் திறந்த குழியில் தீ. மேல்தளம் இடைவெளிவிட்டு அடித்த சட்டங்களாலானது. அதன்மேல் தகடுகள் தொங்கும். அதாவது, தரையே துளையுள்ள தட்டு. தீ நேராகக் கீழே இருந்தமையால் ஒரு தகடு கழன்று விழுந்தால் போதும், கூடம் முழுவதும் எரிந்துவிடும். இத்தகைய தீ விபத்துகள் அக்காலத்தில் அரிதானவை அல்ல. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் பின்னர்ப் பரிந்துரைத்த அமைப்பில் உலை கட்டடத்துக்கு வெளியே சென்றது. வெளியுலையில் எரியும் கட்டையின் அனலும் புகையும் மண்ணுக்கடியே கட்டிய செங்கல் வாய்க்கால் வழியே உள்ளே வந்து, தரையில் அமைந்த திறப்புகளால் மேலெழும். திறப்பை எவ்வளவு மூடுவது, கூரையின் காற்றுவழியை எவ்வளவு திறப்பது என்பதைக் கொண்டு சூட்டை ஆள்வர். சுரங்கம்போல் நீண்ட கூடங்களில் தகடுகளைத் தாங்கிய வண்டிகள் தண்டவாளத்தில் உருண்டு செல்லும்.

வெளியே உலை, தரைக்கடியில் வாய்க்கால், மேலே சூடேறும் கூடம். விட்ருவியசு கூறியதும் கொரியக் குடியானவன் கட்டியதும் இதே அமைப்புத்தான். வேறுபாடு ஒன்றே. அவர்கள் புகையைத் தரைக்கடியிலேயே அடக்கி வெளியேற்றினர். இங்கே புகையும் விரும்பி உள்ளே அழைக்கப்பட்டது. தரைவழி வெப்பத்தின் உலக வரலாற்றை எழுதுவோர் உரோமையிலிருந்து கொரியாவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். வெப்ப நாட்டுப் புகைக்கூடத்தை அவர்கள் எண்ணுவதில்லை, ஏனெனில் அது மனிதருக்காகக் கட்டப்பட்டதன்று. ஆனால் தொழில்நுட்பத்தின் வரலாறு தீ எங்கே வைக்கப்பட்டது என்பதைத்தான் கேட்கவேண்டும். யாருக்காக என்பது அடுத்த கேள்வி.

அந்தத் தீயைக் காத்தவரின் திறமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. முதல்நாள் சூடு ஏறத்தாழ 43 முதல் 49 பாகைக்குள் நிற்கவேண்டும். ஈரம் மிகுந்த தகட்டில் தொடக்கத்திலேயே சூடு ஏறினால் உள்ளே குமிழிகள் தோன்றித் தரம் வீழும். பின்னர்ச் சிறிது சிறிதாக ஏற்றி, 60 பாகைக்கு அருகே நிறுத்தவேண்டும். இரவு பகலாகத் தீ அணையக்கூடாது, ஓங்கவும் கூடாது. மழைநாளில் விறகு ஈரம், வெளிக்காற்றில் ஈரம். இவற்றையெல்லாம் ஈடுசெய்து சூட்டைப் பாகை பாகையாக நடத்தியவர் கண் எரிச்சலோடும் இருமலோடும் அவ்வேலையைச் செய்தார். தமிழின் வெப்ப வினைகளுக்கு இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. உலர்தல், காய்தல், வாடுதல், வெதும்புதல், வேதல், கருகுதல் என நம் மொழி சூட்டின் படிகளைப் பகுத்து வைத்திருக்கிறது. இவற்றுட் சில ‘வெ’ என்னும் ஒரே வேரின் கிளைகள். வெயில், வெப்பம், வெந்நீர், வேனில், நோயாளிக்குப் பிடிக்கும் வேது ஆகியனவும் அவ்வேரினவே. புகைக்கூடத்தில் தகடு காயவேண்டும், வேகக்கூடாது. இரு வினைகளுக்கும் இடையே உள்ள எல்லையைக் காப்பதே அங்கு ஊதியம் பெற்ற வேலை.

அச்சொற்களோடு தோட்டத்துக்கே உரிய வேறு சொற்களும் கலந்திருந்தன. மலாய் ‘மங்கோக்’ என்பதோடு தொடர்புடைய மங்கு, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெரட்டு, கணக்கெழுதும் கிராணி, மேற்பார்க்கும் தண்டல், மங்கிலும் மரத்திலும் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பால். மூன்று மொழிகள் ஒரே நாளின் வேலையில் சந்தித்ததால் பிறந்த சொற்கள் இவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்தது. மலாயாவின் புகைக்கூடங்கள் முழுவீச்சில் எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். கடல் கடந்த தோட்டங்களின் தொழிற்சொற்களைத் திரட்டுவது அப்பெரும்பணியின் நோக்கமாக இருந்ததில்லை. அதற்காக அதன் தொகுப்பாளர்களைக் குறைகூறவும் இயலாது. அதைச் செய்திருக்கவேண்டியவர்கள் நாம்.

1965இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் வந்தது. நொறுக்கி உலர்த்திக் கட்டியாக்கும் முறை பரவ, வரித்தகடும் புகையும் பின்தங்கின. பின்னர்ப் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டங்கள் கைமாறின, மக்கள் நகருக்குப் பெயர்ந்தனர், கூடங்கள் இடிந்தன. கட்டடம் இடிந்தால் செங்கல்லாவது எஞ்சும். சொல்லுக்கு அதுவும் இல்லை.

இனி அடுக்ககத்துக்குத் திரும்புவோம். தரைக்கடியில் புகையை ஓட்டுவதை விட்டு நீரை ஓட்டும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1907இல் ஆர்தர் பார்க்கர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், சிறிய வெந்நீர்க் குழாய்களைப் பூச்சினுள் மறைத்து அறையைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் தோக்கியோவில் ஒரு செல்வர் வீட்டின் கொரிய அறையில் அமர்ந்து அதன் இதத்தை உணர்ந்து வியந்தவர். 1937இல் விசுகான்சின் மாநிலத்து மேடிசனில் எழுந்த ஜேக்கப்சு இல்லத்தின் தரைக்கடியில் குழாய்களைப் பதித்தார். கொரியாவிலோ மாற்றம் துயரத்தின் வழியே வந்தது. விறகு குறைந்தபோது நிலக்கரி வில்லைகளை ஒண்டோல் அடுப்பில் இட்டனர். தரையில் வெடிப்பு விழுந்தால் மணமற்ற நச்சுக்காற்று கசிந்து, உறங்கியவர்கள் உறக்கத்திலேயே இறந்தனர். அடுக்ககங்கள் பெருகிய காலத்தில் கொதிகலனிலிருந்து வெந்நீரைத் தரைக்குழாய்களில் ஓட்டும் முறை நிலைபெற்று அந்த அச்சத்தைப் போக்கியது. இன்று அங்கே அடுக்ககம் என்றாலே வெந்தரைதான்.

குழாயைப் புதைத்தால் மட்டும் போதாது. வெப்பத்துக்கு மேல் கீழ் என்ற விருப்பு வெறுப்பு இல்லை. குளிர்ந்த பக்கம் எதுவோ அங்கே பாயும். குழாய்க்குக் கீழே தடை இல்லையேல் பணம் கொடுத்துக் காய்ச்சிய நீரின் சூட்டில் ஒரு பங்கு மண்ணுக்கோ, அடுக்ககத்தில் கீழ்வீட்டாரின் கூரைக்கோ போய்ச் சேரும். இதற்காகவே நுரைத்த பாலிசுட்டைரீன் பலகைகளை முதலில் பரப்புகின்றனர். அப்பலகையின் பருமனில் ஏறத்தாழ 98 விழுக்காடு அடைபட்ட காற்றே. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பலகையின் மேற்பரப்பில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். அவற்றுக்கிடையே, பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெகிழிக் குழாயை அழுத்தினால் அது அசையாமல் நிற்கும். சுவரோரம் முழுவதும் மென்மையான பட்டையை ஒட்டுவர்; சூட்டில் விரியும் தளம் சுவரை இடிக்காதிருக்க அது இடம் விடும். கலவையிடும் முன்னர்க் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது கட்டாயம். மூடிய பிறகு கசிவைத் தேடுவதற்குத் தளத்தையே உடைக்கவேண்டியிருக்கும். கீழ்வீட்டார்க்குக் காலடி ஓசை கேட்காமலும் இப்பலகை காக்கவேண்டும் என்பது அடுக்ககத்துக்கே உரிய தேவை. கொரியாவில் அதற்காகவே அடித்தளக் கான்கிரீட்டுக்கு 210 மில்லிமீட்டர் கனம் வகுத்திருக்கின்றனர். ஐரோப்பிய நெறிமுறைப்படி மக்கள் நடமாடும் தரையின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டலாகாது. நம் ஊரில் நிழலிலுள்ள தரையே பல நாள்களில் அதற்கு அருகே இருக்கும் என்பதைச் சிறு நகையோடு நினைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் வேண்டும். முழு அமைப்புக்குத் ‘தரைக்கணப்பு’ என்பதை முன்மொழிகிறேன். கணப்பு தீயைக் குறிப்பதாயிற்றே, இங்கே தீ இல்லையே என்று கேட்பர். விளக்கு என்பது எண்ணெயும் திரியும் கொண்டதாக இருந்தது. மின்னால் எரியும்போதும் அது விளக்கே. அடுப்பில் விறகு போய் எரிவாயு வந்தும், பின் மின்சாரம் வந்தும் பெயர் மாறவில்லை. பொருளின் உட்கூறு மாறினும் பயன் மாறாதவரை தமிழ் பழைய பெயரையே நீட்டிக்கும். மொழியின் இயல்பான பொருள்விரிவு அது. ‘வெப்பமூட்டல்’ என்பதை முற்றிலும் விலக்கவும் நான் கூறவில்லை. பாலூட்டல், சோறூட்டல் என்ற வரிசையில் நிற்கும் அச்சொல்லில் ஒரு பரிவு உண்டு. செயலைக் குறிக்க அது தகும். பொருளுக்குப் பெயராகும்போதுதான் நீண்டு தளர்கிறது. அடியில் பரப்பும் பலகைக்குக் ‘காப்புப்பலகை’ போதும். ‘காப்புத்தட்டு’ என்று சிலர் எழுதுகின்றனர். தட்டு என்பது கட்டடத்தில் மாடியையும் குறிப்பதால் குழப்பம் நேரும். உலையிலிருந்து அனல் செல்லும் அடிவழிக்கு ‘அனல்வாய்க்கால்’ என்பது என் ஆக்கம். இதில் எனக்கே முழு நிறைவு இல்லை. புகைக்கூடத்தில் வேலைசெய்தோர் அதற்கு நிச்சயம் ஒரு பெயர் வைத்திருப்பர். அது மலாய்ச் சொல்லாகவோ, திரிந்த ஆங்கிலமாகவோ, யாரோ ஒருவர் வேடிக்கையாகச் சொல்லி நிலைத்ததாகவோ இருக்கலாம். எதுவாயினும் அது என் ஆக்கத்தைவிட மேலானது. ஏனெனில் அது வழங்கிய சொல்.

சாகில், புக்கிட் அசகான் பகுதிகளிலும் மூவார் ஆற்றோரத்திலும் ஆலைவேலை செய்து இன்று எழுபதைக் கடந்தவர்கள் உங்கள் குடும்பங்களில் இருப்பர். அவர்களிடம் கேட்கவேண்டியவை இவை. உலைவாய்க்கு என்ன பெயர்? தரைத் திறப்பின் மூடிக்கு என்ன பெயர்? தகடு வெந்துபோனதை எப்படிக் கூறினர்? உள்ளே ஈரம் நின்ற வெண்புள்ளியை என்ன என்றனர்? இரவுத் தீ காப்பவரை எப்படி அழைத்தனர்? விடையை அவர்கள் ஒலித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள் என்பதையும் குறியுங்கள். இச்சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில் தரைக்கணப்பு, காப்புப்பலகை, அனல்வாய்க்கால் ஆகியவற்றுக்கு நான் எழுதிய அகராதிப் பதிவுகள் அச்சாகியுள்ளன. ஒவ்வொன்றிலும் பொருள் விளக்கத்தின்கீழ் ‘தோட்ட வழக்கு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதன் எதிரே இடம் விட்டிருக்கிறேன்.